உயிரியல் தொழிலில் தலைமைப் பொறுப்பு

நீரிழிவு நோயாளிகளின் உயிரைக் காக்கும் இன்ஸுலின், நெடுங்காலம் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. மனித இன்ஸுலினைப் பாக்டீரியாவைக் கொண்டே உற்பத்தி செய்யும் வழி ஜெனென்டெக் என்னும் அமெரிக்கக் கம்பெனியில் பிறந்தது. உயிரியல் தொழில் ஸ்தாபனங்களில் தலைமை நிர்வாகியின் கடமை யாது என்பதற்கு அதன் வரலாறு தக்க சான்றாகும்.

இக்கம்பெனியை 1976-ஆம் ஆண்டில் தொடங்கியவர்கள் இருவர். ஹெர்பர்ட் பாயர், ஜீன்களை வெட்டி ஒட்டும் முறையை வகுத்தவர்களுள் ஒருவர். கலிபோர்னியா சர்வகலாசாலைப் பேராசிரியர். ராபர்ட் ஸ்வான்ஸன், முதலீட்டுத் துறையில் பயின்றவர். ஸ்வான்ஸன் நிர்வாகத் தலைமையை ஏற்றார். பாயர் தம் பேராசிரியர் பதவியில் இருந்தவாறே விஞ்ஞான வழிகாட்டியாக விளங்கினார். பணம் திரட்டுவது, ஆராய்ச்சியாளரை அமர்த்துவது, பிற கம்பெனிகளுடன் ஒப்பந்தம் செய்வது ஆகியவை முன்னவர் பொறுப்பு. எது இயலும், எதனை முதலில் செய்ய வேண்டும் என்று கூறுவது பின்னவர் பொறுப்பு.

இவ்விரு பொறுப்புகளும் விரைவிலேயே மோதின. விற்பனைக்குரிய இன்ஸுலினை உடனே தொடங்க ஸ்வான்ஸன் விரும்பினார். விஞ்ஞானிகளோ, 14 அமினோ அமிலங்களே கொண்ட ஸொமாட்டோஸ்டாடின் என்னும் ஹார்மோனை முதலில் ஆக்கிப் பார்க்க வேண்டும் என்றனர். இன்ஸுலினில் உள்ளவை 51. சிறிதளவே இருந்த மூலதனத்தை ஆதாயம் தராத பொருளில் செலவிடுவதா என்பதே கேள்வி. ஸ்வான்ஸன் இணங்கினார்.

முதற்சோதனை தோல்வியுற்றது. உண்டான ஹார்மோனைப் பாக்டீரியாவின் என்ஸைம்களே சிதைத்துவிட்டன. பின்னர் அதனைப் பெரியதொரு புரோட்டீனுடன் இணைத்துக் காத்தபோது, 1977-ல் வெற்றி கிட்டியது. அதே உபாயமே 1978-ல் இன்ஸுலினுக்கும் பயன்பட்டது. நேரே இன்ஸுலினில் இறங்கியிருப்பின், இத்தடையை மேலும் சிக்கலான மூலக்கூறில் சந்திக்க நேர்ந்திருக்கும்.

ஆயினும் குடுவையில் பெற்றதைப் பெருந்தொட்டிகளில் பெறுவது வேறொரு கலை. உற்பத்தி, மனிதர் மீதான சோதனை, அரசாங்க அனுமதி ஆகிய இவற்றில் அனுபவம் மிக்க எலி லில்லி கம்பெனியுடன் ஸ்வான்ஸன் 1978-ல் ஒப்பந்தம் செய்தார். 1982-ல் அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இன்றைய பெரிய ஸ்தாபனங்களில் இப்பணிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைவர் உளர். அவர்களை ஒரே நோக்கில் இணைப்பது தலைமை நிர்வாகியின் கடமை.

மாணவர்க்கு இதனை விளக்குகையில், ஆசிரியர்கள் ஒன்றை வற்புறுத்தலாம்: நிர்வாகி எல்லாம் அறிந்தவராக இருத்தல் இயலாது, எவர் சொல்லை எப்போது ஏற்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும்.