எஞ்சின் முதலா, சஸ்பென்ஷன் முதலா? - நடுவரின் தாமதமான தீர்ப்பு



சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க இளைஞர்கள் நடத்திய பட்டிமன்றம் உங்களுக்கு நினைவிருக்கும். "காருக்கு முதன்மையானது எஞ்சினா, சஸ்பென்ஷனா?" என்பது தலைப்பு. ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்தவன் என்பதால் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். நான் தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. "இரண்டும் வேண்டும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு இறங்கினேன். அது தீர்ப்பே அல்ல என்பது எனக்கும் தெரியும்.

மறுவாரம் எதிரெதிர் அணியில் பேசிய அண்ணனும் தங்கையும் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் இங்கே கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை செய்பவர். தங்கை பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறவர். அவர்களுடைய தந்தையின் பழைய கான்டெஸா கார் பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. "அமெரிக்க மசில் கார் மாதிரி பெரிய எஞ்சின் போட்டு ஓட்டலாம் மாமா" என்றார் அண்ணன். "முதலில் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் மாமா" என்றார் தங்கை. விஷயம் மேடைப் பேச்சோடு நிற்கவில்லை என்று தெரிந்ததும், விட்டுப்போன தீர்ப்பை முழுமையாக எழுதத் தீர்மானித்தேன்.

1. மசில் கார் என்பது என்ன?

நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரில், அதைவிடப் பெரிய காருக்கு உரிய வி-8 எஞ்சினைப் பொருத்தி, நடுத்தரக் குடும்பத்து இளைஞன் வாங்கும் விலையில் விற்றதே மசில் கார். 1964இல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. இதற்கு வழிகாட்டி. அதன் எஞ்சின் 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். 1966இல் கிரைஸ்லர் நிறுவனம் 426 ஹெமி எஞ்சினைச் சாலைக் கார்களுக்கும் கொடுத்தது. அது 7 லிட்டர், 425 குதிரைத்திறன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1971 வரை அமெரிக்கர்கள் எழுதிய குதிரைத்திறன் பெரும்பாலும் எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி அளந்தது. காற்று வடிகட்டி, காரின் சைலன்சர் முதலியவை இல்லாத கணக்கு அது. 1972 முதல் அவற்றோடு சேர்த்து அளந்து எழுதத் தொடங்கியதும் எண்கள் சட்டென்று குறைந்தன. ஆகவே பழைய எண்ணையும் இன்றைய எண்ணையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

2. விசை சாலையை எட்டுவது எப்படி?

சஸ்பென்ஷன் என்றால் மேடு பள்ளம் தெரியாமல் சுகமாகப் போவதற்கான ஸ்பிரிங் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. சக்கரத்தைச் சாலையை விட்டு எழாமல் அழுத்திப் பிடிப்பதே அதன் பெரிய வேலை. எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும், டயர் தரையைப் பிடிக்கும் அளவுக்குத்தான் கார் முன்னே போகும்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஹெமி எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 68 கிலோகிராம்-மீட்டர். முதல் கியரும் பின் ஆக்ஸில் கியரும் சேர்ந்து அதை எட்டே முக்கால் மடங்கு ஆக்குவதாகக் கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 33 சென்டிமீட்டர் என்றால், சாலையில் தள்ளக்கூடிய விசை ஏறத்தாழ 1,800 கிலோ. சரி, டயர் எவ்வளவு தாங்கும்? காரின் எடை 1,800 கிலோ, பின் சக்கரங்களின் மேல் அதில் 45 சதவீதம், அதாவது 810 கிலோ. நல்ல உலர்ந்த தார்ச் சாலையில் பிடிமானம் 0.8 என்றால் 650 கிலோ விசைதான் சாலைக்குப் போகும். புறப்படும்போது எடை கொஞ்சம் பின்னால் சாய்வதைச் சேர்த்தாலும் 770 கிலோ. எஞ்சின் தருவதில் பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் டயர் புகையாகப் போகும். மழை நாளில் இன்னும் மோசம்.

3. வடிவமைப்பாளர்கள் எடுத்த முடிவுகள்

மசில் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே கட்டையான ஆக்ஸில். விலை குறைவு, உறுதி அதிகம், 400 மீட்டர் நேர்கோட்டு ஓட்டப் பந்தயத்துக்குப் போதும் என்பது அவர்களுடைய கணக்கு. அதில் இரண்டு தொல்லைகள் உண்டு.

முதலாவது, புரொபெல்லர் ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் ஆக்ஸிலையே திருகப் பார்க்கும். இடது சக்கரம் அழுந்தும், வலது சக்கரம் லேசாகும். லேசான சக்கரம் வழுக்கிச் சுழலும். இதற்காகவே கிரைஸ்லர் தன் பந்தயக் கார்களுக்கு இடமும் வலமும் வெவ்வேறு வலுவுள்ள லீஃப் ஸ்பிரிங் கொடுத்தது.

இரண்டாவது, லீஃப் ஸ்பிரிங் எஸ் எழுத்துப் போல வளைந்து விடுபட, சக்கரம் தவளை போலக் குதிக்கும். 1967இல் வந்த செவர்லே கமாரோவில் பின்னால் ஒரே பட்டை கொண்ட லீஃப் ஸ்பிரிங் வைத்தார்கள். பெரிய எஞ்சின் வைத்த கமாரோ குதித்தது. 1968இல் ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் மாற்றி வைத்து, வலுவான மாடல்களுக்குப் பல பட்டைகளை அடுக்கிச் சரிசெய்தார்கள். எஞ்சினைக் குறைக்கவில்லை, பிடிமானத்தைக் கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதே கமாரோவில் இசட்-28 என்ற மாடலுக்கு 5 லிட்டருக்குள் அடங்கும் சிறிய வி-8 எஞ்சின்தான். ஆனால் வளைவுகள் நிறைந்த டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரில் 1968, 1969 இரண்டு ஆண்டுகளும் செவர்லேவுக்குப் பட்டம் பெற்றுத் தந்தது அதுவே. மூக்கில் கனமான இரும்பு எஞ்சின் இருந்தால் கார் நேராக ஓடும், வளைவில் அடம்பிடிக்கும்.

ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் பின் சஸ்பென்ஷன் செவர்லே கார்வெட்டுக்கு 1963லேயே வந்துவிட்டது. ஃபோர்டு மஸ்டாங்கின் எல்லா மாடல்களுக்கும் அது வந்தது 2015 மாடலில்தான். ஐம்பது ஆண்டு விவாதம்! இதற்கிடையே 1999இல் மஸ்டாங் கோப்ராவுக்கு அதைக் கொடுத்தபோது, நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் சிலர் கழற்றிவிட்டுப் பழைய கட்டை ஆக்ஸிலையே போட்டுக்கொண்டார்கள். எந்தச் சாலையில் ஓட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

4. நம் அம்பாசடரும் கான்டெஸாவும்

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார், பின்னால் கட்டை ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும். 425 குதிரைத்திறன் ஹெமி வைத்த டாட்ஜ் சார்ஜருக்கும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்! அமைப்பின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பட்டையின் கனமும் எண்ணிக்கையும் பிரேக்கும் டயரும் வேறு வேறு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கான்டெஸா 1984இல் வந்தது, 2002இல் நின்றது. அதன் உடல் இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனம் 1970-களில் செய்த காரினுடையது. நீண்ட முன்பக்கம், அகலமான உடம்பு. அதனால்தான் நம் இளைஞர்கள் அதை இந்திய மசில் கார் என்கிறார்கள். ஆனால் முதலில் அதற்குள் இருந்தது அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் சட்டைக்குள் பள்ளிக்கூடப் பையன். பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்ததும் ஆள் மாறிவிட்டது. சஸ்பென்ஷனில் அது அம்பாசடரை விட ஒரு படி மேல்: முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங். பின் ஆக்ஸில் கட்டைதான், ஆனாலும் அதை இரும்புக் கைகள் இழுத்துப் பிடித்திருக்கும்.

5. ரயில் சொல்லும் பாடம்

ஈரோடு ஷெட்டில் நான் பார்த்து வளர்ந்த டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின் 2,600 குதிரைத்திறன், எடை சுமார் 112 டன். ஆறு ஆக்ஸிலுக்கும் மோட்டார் உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்பது எடையில் கால் பங்கு என்று கொண்டால், மொத்த இழுவிசை 28 டன்தான். 1,000 டன் சரக்கு ரயில் நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் ஏற, ஏற்றத்துக்கு மட்டுமே 10 டன் விசை வேண்டும். 2,500 டன் என்றால் 25 டன். வளைவு, உராய்வு எல்லாம் சேர்ந்தால் விளிம்புக்கு வந்துவிடும். வாளையாறு ஏற்றத்தில் மழை பெய்த இரவில் சக்கரம் வழுக்கினால் டிரைவர் எஞ்சினுக்கு மேலும் விசை கொடுப்பதில்லை. குறைப்பார், தண்டவாளத்தில் மணல் தூவுவார். பிடிமானம் திரும்பிய பிறகே மறுபடி விசை கொடுப்பார். நம் பட்டிமன்றத்தின் விடை நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்டவாளத்திலேயே இருக்கிறது.

6. நான் செய்த தவறு

இதையெல்லாம் படித்த நானே ஒருமுறை மறந்தேன். 1993இல் என் மனைவியின் அண்ணன் ஓர் அம்பாசடரில் வேனிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினைப் போட நினைத்தார். பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்பது கணக்கு. எஞ்சின் மவுண்டிங் எல்லாம் நானே வரைந்து கொடுத்து, கூட நின்று பொருத்தினேன். எஞ்சின் அழகாக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புது எஞ்சின் பழையதைவிடக் கனம். முன்பக்கம் இரண்டு விரல் அளவு தாழ்ந்ததைப் பார்த்தேன். டார்ஷன் பாரைச் சரிசெய்ய வேண்டும், பிரேக்கைப் பார்க்க வேண்டும், பின்னால் ஒரு பட்டை விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று மூன்றும் எனக்குத் தெரியும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றேன்.

ஆனி மாத மழையில் வாளையாற்றிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு இறங்கி வரும்போது ஒரு பள்ளத்தில் பின் சக்கரம் துள்ளியது. பிரேக் பிடித்ததும் முன்பக்கம் குத்தி, பின்பக்கம் வீசி, கார் புளியமரத்தில் மோதியது. உயிர் பிழைத்தார். வலது முழங்கால் அன்றிலிருந்து மடங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது, "எஞ்சின் ஒண்ணும் ஆகலை மாப்பிள்ளை." ஆறுதலாகச் சொன்னார். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பந்தியில் அவர் மட்டும் நாற்காலியில் தனியே உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

7. தீர்ப்பு

எஞ்சின் அணி சொன்னது தவறல்ல. எஞ்சின் இல்லாமல் கார் நகராது. ஆனால் வேலை செய்யும் வரிசையில் எஞ்சின் கடைசி. டயர், பிரேக், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், அவற்றைப் பிடிக்கும் ரப்பர் புஷ்கள், ஸ்டியரிங் - இவை ஒழுங்கான பிறகு, அவை தாங்கும் அளவுக்கே எஞ்சின். எனவே தங்கையின் அணிக்கே வெற்றி.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை நம் விருப்பப்படி மாற்ற முடியாது. எஞ்சினைத் தொடுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். அந்தக் கான்டெஸாவில் அதற்குரிய இசுஸு எஞ்சினே நல்ல நிலையில் இருக்கிறது, நான் பார்த்தேன். அதைச் சுத்தம் செய்து, அடிப்பாகத்தைப் புதுப்பித்து ஓட்டினால் உங்கள் அப்பா முன் சீட்டில் நிம்மதியாக உட்காருவார். ஞாயிறு காலையில் என் ஸ்பானர் பெட்டியோடு வருகிறேன். இந்த முறை எதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ள மாட்டேன்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. மேலே சொன்ன 1,800 கிலோ கார், பிடிமானம் 0.4 உள்ள ஈரச் சாலையில் நிற்கிறது. எடை பின்னால் சாய்வதை விட்டுவிட்டால், எவ்வளவு விசை சாலைக்குப் போகும்?

2. 1,500 டன் சரக்கு ரயில் நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் ஏற, ஏற்றத்துக்கு மட்டும் எத்தனை டன் விசை வேண்டும்?

3. உங்கள் வீட்டு ஸ்கூட்டரின் பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா? பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லுங்கள்.

முதல் இரண்டுக்கும் விடையை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மூன்றாவதை இன்றே செய்யுங்கள்.