மே மாதச் சம்பளம்

மும்பை மாதுங்காவில் 1932-ஆம் ஆண்டு சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தொடங்கப்பட்டது. அங்கு குடியேறிய தென்னிந்தியர்கள் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகத் தொடங்கிய சங்கம் அது. இன்று கல்லூரிகளையும் நடத்துகிறது.

எல்லாப் பள்ளிகளும் இப்படி நிலைப்பதில்லை. நல்ல மனம் மட்டும் போதாது. வரவு செலவுத் திட்டமும் வேண்டும்.

தாராவியில் ஒரு சிறு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது லாபத்துக்கு நடப்பதல்ல. 40 பிள்ளைகள் படிக்கிறார்கள். மாதக் கட்டணம் 500 ரூபாய். ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதம் கட்டணம் வரும். ஏப்ரல், மே மாதங்களில் வராது.

ஆண்டு வரவு
கட்டணம்: ரூ. 2,00,000
தீபாவளி நன்கொடை: ரூ. 40,000
மொத்தம்: ரூ. 2,40,000

ஆண்டுச் செலவு
இரண்டு ஆசிரியைகளின் சம்பளம், 12 மாதம்: ரூ. 1,80,000
வாடகை, 12 மாதம்: ரூ. 48,000
சாக்பீஸ், மின்சாரம், மற்றவை, 10 மாதம்: ரூ. 12,000
மொத்தம்: ரூ. 2,40,000

வரவும் செலவும் சரியாக இருக்கின்றன. அப்படியானால் கவலை இல்லையா?

மாதக் கணக்கைப் பாருங்கள். ஜூன் முதல் மார்ச் வரை மாதம் 20,000 ரூபாய் வருகிறது. 20,200 ரூபாய் செலவாகிறது. மாதம் 200 ரூபாய் துண்டு விழுகிறது. பத்து மாதத்துக்கு 2,000 ரூபாய். இதை நன்கொடையில் இருந்து கொடுத்தால் மீதி 38,000 ரூபாய். ஏப்ரல், மே மாதச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் தேவையானதும் அதே 38,000 ரூபாய்தான்.

தீபாவளிக்குப் பணம் கைக்கு வந்ததும், "வெள்ளை அடிக்கலாம், மின்விசிறி வாங்கலாம்" என்று தோன்றும். வாங்கிவிட்டால் மே மாதம் ஆசிரியை வீட்டில் அடுப்பு எரியாது. அவர் வேறு வேலை தேடிப் போவார். ஜூன் மாதம் பிள்ளைகள் வருவார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

மார்ச் 31 அன்று கணக்கில் நிற்கும் 38,000 ரூபாய் லாபம் அல்ல. அது சம்பளமும் வாடகையும்.

பணத்தைக் காக்க நான்கு வழிகள்

1. அந்தப் பணத்தை வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள். எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும்.
2. பணம் வாங்குபவர் ஒருவர். கணக்கு எழுதுபவர் வேறொருவர்.
3. பத்து ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள், ரசீது கேளுங்கள்.
4. மாதம் ஒருமுறை கூடுங்கள். கணக்கு நோட்டையும் பாஸ்புக்கையும் ஒப்பிடுங்கள்.

பொது அறக்கட்டளைகள் கணக்கு வைத்துத் தணிக்கை செய்யவேண்டும் என்று மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆனால் தணிக்கை ஆண்டு முடிந்த பிறகு வருவது. போன பணத்தை அது காட்டும், திருப்பித் தராது. மாதாமாதம் நாம்தான் பார்க்கவேண்டும்.

கணக்குப் போடுங்கள்

ஐந்து பிள்ளைகளால் ஆண்டு முழுவதும் கட்டணம் கட்ட முடியவில்லை. வரவு எவ்வளவு குறையும்? அதை எப்படி ஈடு செய்வீர்கள்? கூடிப் பேசுங்கள்.