ஐப்பசியில் கொல்லிமலை



கட்ச் பாலைக்கு வலசைப் பறவை பார்க்கப் போக எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். செலவு இருக்கட்டும். நாமக்கல்லில் இருந்துகொண்டு, கொல்லிமலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் ஏன்?

கட்ச்சின் அருமையை நான் மறுக்கவில்லை. ஐரோப்பியப் பனங்காடை, புள்ளி ஈப்பிடிப்பான் போன்றவை மத்திய ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற வழியில் செப்டம்பரில் அங்கே இறங்குகின்றன. நம் பக்கம் அவை அபூர்வம். பொட்டல்வெளியில் ஒதுங்க இருப்பதே நாலு முள்மரம். வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

கொல்லிமலையில் அந்தச் சலுகை கிடையாது. காப்பித் தோட்டத்தில் மேலே சில்வர் ஓக், பலா, அவற்றைச் சுற்றி மிளகுக்கொடி. இதற்குள் விரல் நீளக் குருவியைக் கண்ணால் தேடினால் கழுத்துதான் வலிக்கும். நின்று கேளுங்கள். புதருக்குள்ளிருந்து விடாமல் ‘செக், செக்’ என்று வந்தால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். பின்லாந்து, ரஷ்யா பக்கம் கூடுகட்டுகிற இனம், குளிருக்கு ஆப்பிரிக்கா போகாமல் தென்கிழக்கே திரும்பி நம்மிடம் வருகிறது. கட்ச் வழியே போகிறவற்றுக்கு நம் நாடு வெறும் நடைபாதை. இந்தக் குருவிக்கோ ஏப்ரல் வரை குடியிருப்பு. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

தோட்டத்துச் சருகில் காட்டு வாலாட்டியைத் தேடுங்கள். கிழக்குச் சைபீரியா, கொரியாப் பக்கத்துப் பறவை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பக்கவாட்டில் ஆட்டும், உடம்பும் சேர்ந்து அசையும். நிழல்மரங்களை வெட்டிவிட்ட தோட்டத்தில் சருகும் இல்லை, இதுவும் இல்லை. ஓடைப் பாறைகளில் சாம்பல் வாலாட்டி, அந்தியில் புதர் ஓரம் ஆறுமணிக்குருவி. பின்னது மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருவது.

முதல்நாள் மாலையே மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு ஏறிவிடுங்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. விடிந்து கிளம்பினால், தலைசுற்றலோடு நீங்கள் இறங்கும்போது பறவைகள் காலைத் தீனியை முடித்திருக்கும். ஆகாய கங்கைக்கு இந்த முறை வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கிப் போனால் அருவி இரைச்சலில் ஒரு குரலும் கேட்காது. சோளக்காடு பக்கத் தோட்டங்களே போதும், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் திரும்பிவிடாதீர்கள். விட்டவுடன் வரும் அரை மணி நேரத்தில் பூச்சி தேடிக் கதிர்க்குருவிகள் கீழ்க்கிளைகளுக்கு வரும். பைனாகுலர் கண்ணாடியைத் துடைக்கப் பழைய பருத்தித் துணி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நிச்சயம் நனைந்துவிடும்.