கொல்லையில் பொறி வைக்கிறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு வைங்க

வெலிங்டன் கடலோரமா புதுசா குடிவந்திருக்கீங்க. ராத்திரி படிக்கட்டுக்கு அடியில கரகரன்னு கத்தல் கேட்டா பயந்துடாதீங்க, அது கொரோரா. உலகத்திலேயே சின்ன பென்குவின். நின்னா ஸ்கூல் ஸ்கேல் உயரம், எடை ஒரு கிலோதான். கடல்ல இருந்து தத்தித் தத்தி ஏறி வந்து, நம்ம வீட்டு அடியிலேயே முட்டை வைக்கும்.

பொறி எதுக்குன்னா, நியூசிலாந்துக்குச் சொந்தமான தரைவாழ் பாலூட்டின்னா வௌவால் மட்டும்தான். கப்பல்ல வந்த எலியையும், முயலை அடக்க 1880கள்ல கொண்டுவந்து விட்ட ஸ்டோட்டுங்கிற கீரி மாதிரி பிராணியையும் எதிர்க்கத் தெரியாத பறவையும் அரணையும்தான் இங்கே இருக்கு. 2050க்குள்ள எலி, ஸ்டோட் மாதிரி வேட்டைக்காரங்களை ஒழிக்கணும்னு 2016ல அரசு அறிவிச்சுது. நம்ம கொல்லையில பொறி வைக்கிறது நம்ம வேலைதான்.

1. முதல்ல பக்கத்து வீட்ல பேசுங்க. அஞ்சு வீட்டுக்கு ஒரு பொறி இருந்தா போதும். நீங்க மட்டும் பத்து வாங்கி அடுக்கினா காசுதான் வீண்.

2. பொறியை வெறுமனே தரையில வைக்காதீங்க! மரப்பெட்டிக்குள்ள வைங்க. எலி நுழையுற அளவுக்கு மட்டும் துளை இருக்கணும். குழந்தை விரலும் குருவி காலும் தப்பிக்கும்.

3. முற்றத்து நடுவுல எலி ஓடாது. வேலி ஓரம், சுவர் ஓரம், உரத்தொட்டி பக்கம் பாருங்க. அது தினம் உரசிப் போற இடத்துல மரத்துல கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சிருக்கும். பெட்டிக்கு அதுதான் இடம்.

4. ஊர்ல மசால்வடை வைப்போம். இங்கே பீநட் பட்டர், பட்டாணி அளவு. அள்ளி அப்பினா பொறி விழாமலே நக்கிட்டுப் போயிடும். முதல் சில நாள் பொறியை இழுத்து மாட்டாம இரை மட்டும் வைங்க, எலிக்குப் பயம் தெளியும்.

5. ஸ்டோட்டுக்கு எலிப்பொறி பத்தாது. டிஓசி 200 மாதிரி பெரிய பொறி வேணும். அதோட ஸ்பிரிங் விரலையே நசுக்கும். தெரிஞ்சவங்க காட்டிக்கொடுத்த பிறகு தொடுங்க.

6. பசைத்தட்டு பக்கமே போகாதீங்க. 2015ல இருந்து இங்கே தடை. விஷமும் வேண்டாம், அந்த எலியைத் தின்கிற ஆந்தைக்கும் நாய்க்கும் ஆபத்து.

7. வெச்சுட்டு மறந்துடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. குப்பை வண்டி வர்ற அன்னைக்கே பொறியையும் பாருங்க, ஞாபகம் இருக்கும். கையுறை போட்டு எலியை எடுத்துப் புதைங்க, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க. எலிக்காய்ச்சல் விளையாட்டில்ல.

8. உங்க நாயை முதல்ல கட்டுங்க. ஒரே கடியில கொரோரா போயிடும்.

அப்புறம், ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் இறகு உதிர்ந்து கந்தலாட்டம் ஒரு பென்குவின் புதர்ல உட்கார்ந்திருந்தா, பாவம்னு தூக்கிக் கடல்ல விட்டுடாதீங்க. புது இறகு முளைக்க ரெண்டு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் அதால நீந்த முடியாது. தள்ளியே இருங்க, நாயையும் தள்ளியே வைங்க.