ஒழுகாத கருவிக்கு எதற்குச் சோதனை?

அன்புள்ள டெக்சாஸ் வாசகருக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் குழாயில் நிற்கும் பித்தளைக் கருவியைச் சோதித்து அறிக்கை அனுப்பச் சொல்லி நகரத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. "தண்ணீர் நன்றாக வருகிறது, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, பிறகு எதற்கு இந்தத் தண்டச் செலவு? மதுரையில் இதெல்லாம் இல்லாமல்தானே வளர்ந்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வி பலருக்கும் இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

தெருவில் போகும் மெயின் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வீட்டை நோக்கித்தான் வரும். எங்காவது மெயின் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டிகள் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுத்தாலோ அழுத்தம் சட்டென்று விழும். அப்போது வீட்டுக் குழாய்களில் நிற்கும் தண்ணீரை மெயின் தன் பக்கம் உறிஞ்சும். வீட்டுப் பக்கம் பம்போ பாய்லரோ இருந்து அழுத்தம் மிஞ்சினாலும் தண்ணீர் தெருவை நோக்கித் திரும்பும். இரண்டையும் சேர்த்துத்தான் பேக்ஃப்ளோ என்கிறார்கள்.

ஸ்பிரிங்க்ளரில் அப்படி என்ன ஆபத்து என்று தோன்றலாம். 1969-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில், ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி பயிற்சியில் இருந்தது. மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்கள் தரைமட்டத்துக்குக் கீழே சிறு குழிகளில் முடிந்தன. குழிகளில் தண்ணீர் தேங்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அதில் விளையாடுவார்கள். அவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ. ஊரில் ஓரிடத்தில் தீப்பிடித்து, அணைக்கத் தண்ணீர் எடுத்தபோது மெயினில் அழுத்தம் இறங்கியது. குழிநீர் குழாய்க்குள் ஏறியது. அதே குழாயிலிருந்து வந்த தண்ணீரை வீரர்கள் குடித்தார்கள். வீரர்களும் பயிற்சியாளர்களுமாகச் சுமார் 90 பேரைக் கிருமி தொற்றியது. இரண்டே ஆட்டங்களோடு அந்த ஆண்டுப் பந்தயங்களைக் கல்லூரி கைவிட்டது.

உங்கள் மாநிலத்திலேயே 2016 டிசம்பரில் கார்பஸ் கிறிஸ்டி நகரம் முழுவதும் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தார்கள். தார்க் கலவையில் சேர்க்கும் ரசாயனம் ஒரு தொழிற்சாலை வளாகத்திலிருந்து பேக்ஃப்ளோவாகக் கலந்திருக்கலாம் என்ற அச்சம். கொதிக்க வைத்தாலும் பயனில்லை என்றார்கள். ஏறத்தாழ 3 லட்சம் பேர் பாட்டில் தண்ணீரை நம்பியிருந்தார்கள். தடை முழுவதும் நீங்க நாலு நாள் ஆயிற்று.

இனி மதுரைக்கு வருவோம். அங்கே உங்களைக் காத்தது சம்ப், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி. நகராட்சிக் குழாய் சம்ப்பின் மேல்பக்கம் முடிந்து, தண்ணீர் காற்றில் விழுந்து தொட்டியில் சேரும். தண்ணீருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தால் தொட்டித் தண்ணீர் திரும்பி ஏற வழியே இல்லை. குழாயின் விட்டத்தைப் போல இரு மடங்கு, குறைந்தது ஓர் அங்குலம் என்பது அந்த இடைவெளிக்கான பொதுவிதி. எந்தக் கருவியும் தராத பாதுகாப்பு அது. குழாய் வாய் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கிறார்களே, அதுவோ அழுத்தத்தைச் செயற்கையாக இறக்கி, விரிசல் வழியே சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. மதுரையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை.

டெக்சாஸில் உங்கள் வீட்டுக்குச் சம்ப்பும் கிடையாது, மாடித் தொட்டியும் கிடையாது. தெரு மெயினும் சமையலறைக் குழாயும் புல்தரையின் ஸ்பிரிங்க்ளரும் ஒரே தண்ணீர்த் தொடர். அதனால்தான் அந்தப் பித்தளைக் கருவி.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது பிரஷர் வேக்யூம் பிரேக்கர். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு செக் வால்வு. அதற்கு மேலே மூடிக்கு அடியில் காற்று நுழையும் வாய். அழுத்தம் விழுந்ததும் செக் வால்வு மூடும், காற்றுவாய் திறக்கும், உறிஞ்சல் அறுபடும். எல்லா ஸ்பிரிங்க்ளர் தலைகளுக்கும் மேலே குறைந்தது 12 அங்குல உயரத்தில் இது நிற்க வேண்டும். பார்வைக்கு அழகாக இல்லையென்று தாழ்த்தி வைக்கச் சொல்லாதீர்கள். உறிஞ்சலை மட்டுமே இது தடுக்கும். நாளை உரக்கரைசலைக் குழாயிலேயே செலுத்த பம்பு வைத்தால் இது போதாது. இரண்டு செக் வால்வுக்கு நடுவே வடிகால் வால்வு உள்ள ஆர்.பி. வகை வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில். செக் வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும், ரப்பர் தேய்ந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும் ஸ்பிரிங்க்ளர் எப்போதும்போலப் பீய்ச்சும். கருவி செத்துப்போனது வெளியே தெரியாது. அழுத்தம் விழும் அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் வழி சோதனை மட்டும்தான். உரிமம் பெற்றவர் மூடியைக் கழற்றி, பக்கத்திலுள்ள சிறு குழாய் முனையில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி, இரு பக்க வால்வுகளையும் அடைத்து, உள்ளிருக்கும் நீரை மெல்லக் கசியவிடுவார். முள் இறங்கும். 1 பி.எஸ்.ஐ.க்குக் குறையும் முன் காற்றுவாய் திறந்துவிட வேண்டும். அடுத்து, செக் வால்வு குறைந்தது 1 பி.எஸ்.ஐ. தாங்குகிறதா என்று பார்ப்பார். டெக்சாஸ் விதிப்படி நிறுவியதும் ஒரு சோதனை கட்டாயம். உடல்நலக் கேடு உள்ள இணைப்புகளுக்கு ஆண்டுதோறும். நகரங்கள் இதைவிடக் கடுமையாகவும் கேட்கலாம்.

ஆகவே ஆளைக் கூப்பிடுங்கள். அவருடைய உரிமத்தையும், கேஜ் கடந்த ஓராண்டுக்குள் சரிபார்க்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். அறிக்கையில் "பாஸ்" என்ற சொல்லோடு நில்லாமல் இரண்டு எண்களையும் பாருங்கள். ஒன்று தவறினால் உடனே புதுக் கருவி வாங்கச் சம்மதிக்காதீர்கள். பெரும்பாலும் சுத்தம் செய்து ரப்பரும் ஸ்பிரிங்கும் மாற்றினால் போதும், பிறகு மறுசோதனை. உறைபனிக்கு முன் தண்ணீரை அடைத்துக் கருவியை வடித்துவிடுங்கள். உள்ளே நீர் உறைந்தால் பித்தளையே வெடிக்கும். பூச்சிமருந்து வாளிக்குள் ஹோஸைப் போட்டுவிட்டு மட்டும் எங்கும் போகாதீர்கள். மெயின் உறிஞ்சினால் அந்தத் தண்ணீர் முதலில் வருவது உங்கள் சமையலறைக்கு. அடுத்தது பக்கத்து வீட்டுக்கு.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்