ஏற முடியாத படிகள்

சிவில் பிரிவில் நாம் படி வரைகிறோம், ஏறுவதற்கென்று. முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' (1935) நாவலில் வரும் கோயில் படி அப்படியல்ல. துப்புரவுத் தொழிலாளி பாக்கா அதில் ஏறி எட்டிப் பார்க்கிறான். தீட்டு என்று கூச்சல். தங்கை சோகினிக்கோ கிணற்றுத் திட்டில் கால் வைக்கவே உரிமையில்லை. யாராவது இரங்கி இறைத்து ஊற்றும்வரை குடத்தோடு கீழே காத்திருக்கிறாள்.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலில் நீதிமன்றத்தில் கறுப்பர்களுக்குத் தனி மாடம். அங்கே மேலே ஏற்றி ஒதுக்கினார்கள். இங்கே கீழே நிறுத்தி!

எங்க அப்பா மாதனூர்ப் பக்கம் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். ஒரு வீட்டுக்குக் கூலி வாங்கப் போனபோது திண்ணைக்குக் கீழேயே நின்றார்.

"ஏம்பா, மேல ஏறல?"

"பழகிப்போச்சுடா."

திண்ணையைக் கண்ணால் அளந்தேன். ஒன்றரை அடி. ஆறங்குலப் படி மூன்று.