திங்கட்கிழமைக்குள் நீல் யங்

பண்பலையிலோ இசைச் செயலியிலோ பாட்காஸ்ட் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு ஒருநாள் இது வந்தே தீரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லாரும் பையைத் தோளில் மாட்டுகிற நேரத்தில் புரொட்யூசர் சொல்வார்: "நீல் யங் பத்தி ஒரு எபிசோடு பண்ணலாம். திங்கட்கிழமை ஸ்கிரிப்ட் கொண்டு வாங்க." பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் செயலியைத் திறந்தால் தலை சுற்றும். நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள். அது போக கச்சேரிப் பதிவுகள், தொகுப்புகள், பல வருடம் கிடப்பில் கிடந்து பிறகு வெளிவந்தவை. 1945-இல் கனடாவின் டொரண்டோவில் பிறந்தவர், 2025-இலும் புது ஆல்பம் போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்க இரண்டு நாள் போதாது. கேட்கவும் வேண்டாம்.

முதலில், செயலி காட்டும் 'அதிகம் கேட்கப்பட்டவை' பட்டியலை மூடுங்கள். அதில் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்', 'ஓல்ட் மேன்', 'ஹார்வெஸ்ட் மூன்' போன்றவை முன்னால் நிற்கும். மூன்றும் இதமான பாட்டுகள். அவற்றை மட்டும் நம்பினால், "மவுத் ஆர்கன் வாசித்தபடி மென்மையாகப் பாடும் நாட்டுப்புறப் பாடகர்" என்று எழுதித் தொலைப்பீர்கள். பாதி ஆள்தான் கிடைப்பார். கிதாரின் இரைச்சலில் ஒரே பாட்டைக் கால் மணி நேரம் இழுக்கிற மறுபாதி ஆள் வெளியே நிற்பார்.

1968-இன் முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகப் போகலாமே என்று தோன்றும். பொறுப்பானவர்கள் செய்கிற தவறு இது. ஞாயிறு ராத்திரி எழுபதுகளின் நடுவில் களைத்துப் போய் நிற்பீர்கள். அதைவிட மோசம், அந்த வரிசையே உங்களை ஏமாற்றும். நீல் யங் விஷயத்தில், பாட்டு பதிவான வருடம் ஒன்று, கடைக்கு வந்த வருடம் வேறொன்று.

ஆகவே வேலையை ஒரு எக்ஸெல் தாளில் தொடங்குங்கள். மூன்றே பத்தி: ஆல்பம், பதிவான காலம், வெளிவந்த காலம். அரை மணி நேரம் பிடிக்கும். 'டுநைட்ஸ் த நைட்' பதிவானது 1973, வந்தது 1975. இடையில் 1974-இல் 'ஆன் த பீச்' வந்துவிட்டது. 'ஹிட்ச்ஹைக்கர்' 1976 ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் பதிவானது, வந்ததோ 2017-இல். 'ஹோம்குரோன்' எழுபதுகளின் நடுவில் முடிந்துபோன ஆல்பம், 2020 வரை கிடப்பில். செயலியில் இது 2020 என்றுதான் இருக்கும். அதை நம்பி "எழுபத்து நான்கு வயதிலும் குரல் எவ்வளவு இளமை!" என்று எழுதினால், விஷயம் தெரிந்த நேயர் ஒருவர் போதும், உங்கள் பெயரைக் கெடுக்க.

தாளை நிரப்பும்போதே 'ஏன்' என்ற கேள்வி எழும். எபிசோடின் உயிர் அங்கேதான்.

1972-இல் வந்த 'ஹார்வெஸ்ட்' அமெரிக்காவில் அந்த வருடம் அதிகம் விற்ற ஆல்பம். அதன் இதத்துக்குப் பின்னால் ஒரு முதுகுவலி இருக்கிறது. தண்டுவடத் தட்டு விலகி, இடுப்புப் பட்டை கட்டியிருந்த காலம் அது. கனமான எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு நிற்க முடியாது. உட்கார்ந்து அக்கூஸ்டிக் வாசித்தார். ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நாஷ்வில் போன இடத்தில், உள்ளூர் வாத்தியக்காரர்களைக் கூட்டிப் பதிவைத் தொடங்கினார். அதே நிகழ்ச்சிக்கு வந்திருந்த லிண்டா ரான்ஸ்டட்டும் ஜேம்ஸ் டெய்லரும் பின்குரல் கொடுத்தார்கள். இந்த ஒரு பத்தியே ஸ்கிரிப்டில் இரண்டு நிமிடம் ஓடும்.

அடுத்த அடி அதே வருடம் நவம்பரில் விழுந்தது. அவருடைய கிரேஸி ஹார்ஸ் குழுவின் கிதார்காரர் டேனி விட்டன். போதைப் பழக்கத்தால் வாசிக்க முடியாமல் போன அவரை ஒத்திகையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார் நீல் யங். அன்றிரவே விட்டன் இறந்தார். 1973-இல் புரூஸ் பெரி என்ற மேடை உதவியாளரும் போதைக்குப் பலியானார். அந்த வருடமே ஹாலிவுட்டில் ஒரு ஒத்திகைக் கூடத்தில் நண்பர்கள் கூடி, இரவுகளில் குடித்துக்கொண்டே பதிவுசெய்ததுதான் 'டுநைட்ஸ் த நைட்'. தலைப்புப் பாட்டில் பெரியின் பெயரே வருகிறது. அவருடைய இசைத்தட்டுக் கம்பெனியான ரிப்ரீஸுக்கு அது ரசிக்கவில்லை, ஒதுங்கிக் கிடந்தது. 1975-இல் 'ஹோம்குரோன்' ஆல்பத்தை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, அதே டேப்பில் பின்னாலேயே இதுவும் ஓடியது. 'த பேண்ட்' குழுவின் ரிக் டாங்கோ, வெளியிட வேண்டியது இதைத்தான் என்றார். தயாராக இருந்த ஆல்பம் உள்ளே போனது, துக்க ஆல்பம் வெளியே வந்தது. உங்கள் தாளில் அந்த இரண்டு பெயர்களுக்கும் நேரே இருக்கும் விசித்திரமான தேதிகளுக்கு இதுதான் காரணம்.

இனி கேட்க வேண்டியவை. என் கணக்கில் ஆறு: 'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்' (1969), 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்' (1970), 'ஹார்வெஸ்ட்', 'டுநைட்ஸ் த நைட்', 'ஆன் த பீச்', 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' (1979). ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்தை ஒட்டித்தான் வரும். சனிக்கிழமை ஒருநாள் போதும். இதே வரிசையில், அதாவது பதிவான வரிசையில் கேளுங்கள். ஆல்பத்தை நடுவில் நிறுத்தாதீர்கள். இவை இசைத்தட்டின் இரண்டு பக்கங்களுக்காக அடுக்கப்பட்டவை. 'ஆன் த பீச்'சின் இரண்டாம் பக்கம் முழுவதும் மூன்றே மூன்று மெதுவான பாட்டுகள். ஷஃபிளில் போட்டால் அந்தச் சோர்வின் கனம் காணாமல் போய்விடும்.

தொகுப்பு எதுவும் வேண்டாமா என்றால், 1977-இன் 'டெகேட்' மட்டும். 35 பாட்டுகளையும் அவரே பொறுக்கி, பாட்டுக்குப் பாட்டு குறிப்பும் எழுதினார். ஆறையும் கேட்ட பிறகு படித்தால் அந்தக் குறிப்புகள் ருசிக்கும்.

கேட்கும்போது குறிப்பு எடுப்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். "ஆழமான வரிகள், மனதை உருக்கும் குரல்" என்று எழுதுவார்கள். எடிட்டர் அத்தனையையும் அடித்துவிடுவார். அடிக்கத்தான் வேண்டும். அனுமதி வாங்காமல் பாட்டை பாட்காஸ்டில் போட முடியாது. ஆக, ஒலியைச் சொல்லில்தான் காட்டியாக வேண்டும். காதில் விழுந்ததை, நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். 'சின்னமன் கேர்ள்' பாட்டில் கிதார் சோலோ வருகிற இடத்தில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார். வேறு எவராவது அங்கே விரல் வித்தை காட்டியிருப்பார். 'மெல்லோ மை மைண்ட்' பாட்டில் உச்சத்தைப் பிடிக்கப்போய்க் குரல் பிசிறி உடைகிறது. மறுபடி பாடித் திருத்த நேரம் இருந்தும் அப்படியே விட்டுவைத்தார். இந்த மாதிரி ஏழெட்டு இடங்கள் கையில் இருந்தால் ஸ்கிரிப்ட் தானாக நடக்கும். ரசிகர்கள் எழுதியதையும் விமர்சனங்களையும் அதற்குப் பிறகு படியுங்கள். முன்னாலேயே படித்தால் அவர்கள் காதால்தான் கேட்பீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 'டுநைட்ஸ் த நைட்' தொடங்குவதும் முடிவதும் ஒரே பாட்டில், இரண்டு விதமாகப் பாடி. 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' அக்கூஸ்டிக்காகத் தொடங்கி, அதே பாட்டின் எலெக்ட்ரிக் கர்ஜனையில் முடிகிறது. 1989-இன் 'ஃப்ரீடம்' ஆல்பத்திலும் 'ராக்கிங் இன் த ஃப்ரீ வேர்ல்ட்' இரண்டு முனைகளிலும் நிற்கிறது. எபிசோடுக்கு முதுகெலும்பு தேடுகிறீர்கள் என்றால் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை தோல்விகளுக்கு. எண்பதுகளில் கெஃபன் கம்பெனிக்குப் போனார். 1982-இல் 'ட்ரான்ஸ்', இயந்திரக் குரலில். பெருமூளை வாதத்தால் பேச முடியாத மகனோடு பேச எடுத்த முயற்சியின் சாயல் அதில் இருப்பதாக அவரே பின்னால் விளக்கினார். அடுத்து 'எவ்ரிபடீஸ் ராக்கிங்', ஐம்பதுகளின் பாணியில் 25 நிமிடம் மட்டும் ஓடுவது. கம்பெனி கடுப்பாகி, "இது உங்கள் பாணி இசையே இல்லை" என்ற பொருளில் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அவர் எதிர்வழக்குப் போட்டார், கடைசியில் சமரசம் ஆனது. ஒரு பாடகர் தன்னைப்போல் பாடவில்லை என்று கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டதை விட்டுவிட்டு எழுதினால் அந்த எபிசோடில் உப்பு இருக்காது. 'ட்ரான்ஸ்' பிடிக்காவிட்டாலும் ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். எனக்கு இன்றும் பாதிதான் பிடிக்கிறது.

மீட்டிங்கில் கட்டாயம் ஒரு சீனியர் இருப்பார், இருபது வருட ரசிகர். "எல்லாம் கேட்டாச்சா?" என்பார். சமாளிக்க வேண்டாம். "இல்ல சார். அறுபத்தொன்பதுலேருந்து எழுபத்தொன்பது வரைக்கும் ஆறு ஆல்பம் முழுசா கேட்டேன். எண்பதுகள்ல 'ட்ரான்ஸ்' மட்டும்தான்." உடனே அவர் 'ஸூமா'வைச் சொல்லாமல் விட்டதற்குப் பொங்குவார், 'கார்டெஸ் த கில்லர்' பாட்டைக் கேட்காமல் எப்படி என்பார். நியாயம்தான். குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு மதியமே கேட்டுவிடுங்கள். அடுத்த எபிசோடுக்கு அவரே உங்கள் பெயரைச் சொல்வார்.

ப்ளேலிஸ்ட்டும் சேர்த்துக் கேட்டால், இணைப்புகளை வெளியிடும் நாளன்று மறுபடி சரிபாருங்கள். 2022 ஜனவரியில், தடுப்பூசி குறித்த தவறான தகவல்களை எதிர்த்து ஸ்பாட்டிஃபையிலிருந்து தன் பாட்டுகளை எடுக்கச் சொன்னவர் இவர். 2024-இல்தான் திரும்பி வந்தார்.

அதற்கும் பிறகு நேரம் மிஞ்சினால் 'டெட் மேன்'. ஜிம் ஜார்முஷ் படத்தைப் பார்த்தபடியே தனியாகக் கிதாரில் போட்ட பின்னணி இசை. ஸ்கிரிப்ட் எழுதும்போது மட்டும் அதை ஓடவிடாதீர்கள், ஒரு வரி நகராது.